கொள்கை மாறினால் பணம் யாருக்கு?

2024 மே 31ஆம் தேதி டாக்கா விமான நிலையத்தில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். வேலை விசா பெற்ற அயல்நாட்டுத் தொழிலாளர்கள் அன்றைய பொழுதுக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு யாருக்கும் இடமில்லை என்று மலேசிய அரசு கெடு விதித்திருந்தது. கெடு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதுதான். ஆனாலும் கடைசி வாரத்தில்தான் நெருக்கடி முற்றியது. விமானக் கட்டணம் எகிறியது. எப்படியும் டிக்கெட் வந்துவிடும், கிளம்பி வா என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி, பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்து விமான நிலைய வாசலில் காத்துக்கிடந்தார்கள். கெடு முடிந்தபோது, வங்கதேச அரசின் அனுமதி கையில் இருந்தும் விமானம் ஏற முடியாமல் நின்றவர்கள் சுமார் 17,000 பேர். மலேசியா செல்ல வங்கதேச அரசு நிர்ணயித்திருந்த செலவு 78,990 டாகா. பெரும்பாலானோர் கொடுத்திருந்தது அதைப்போலப் பல மடங்கு. நிலத்தை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கட்டிய பணம் அது.

இப்படி நின்றுபோனவர்களை ஏற்பது பற்றிப் பரிசீலிப்போம் என்று மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராகிம் டாக்காவுக்குச் சென்று சொன்னது அதே ஆண்டு அக்டோபரில். இடைப்பட்ட மாதங்களில் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

இங்கே பிரச்சினை போலி விசா அல்ல. ஒரு நாட்டு அரசு தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. அதற்கான உரிமை அதற்கு உண்டு. ஆனால் அந்த மாற்றத்தின் விலையைக் கட்டியது யார்? ஆள் கேட்ட முதலாளி கட்டவில்லை. ஆள் சேர்த்த நிறுவனமும் கட்டவில்லை. மாற்றத்தைப் பற்றிக் கடைசியாகக் காதில் வாங்கியவர்தான் கட்டினார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தொழிலில் இது தற்செயலாக நடப்பதில்லை. அந்த நிறுவனங்களின் இணையதளங்களில் ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்று கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கும் பக்கத்தில் இது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் இந்தியச் சட்டத்தின் முன், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போகிறவர்களைப் பொறுத்தவரை, எவ்வளவு தூரம் செல்லும் என்பதே என் கேள்வி.

இத்தகைய பக்கங்களில் நிறுவனம் எதுவானாலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் தகவல் தரும் தளம் மட்டுமே, வேலைக்கு உத்தரவாதம் தருகிறவர்கள் அல்ல என்பது ஒன்று. விசா கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முடிவு. கொள்கை மாற்றத்தால் ஏற்படும் இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல, கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்பது அடுத்தது. இந்த நிபந்தனைகளை முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினாலே மாற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள் என்றும் இருக்கும். எங்கள் பெயரைச் சொல்லி மூன்றாம் நபரிடம் கொடுத்த பணத்துக்கு எங்களுக்குச் சம்பந்தமில்லை, வழக்கு என்றால் இன்ன நகரத்து நீதிமன்றத்தில் மட்டும்தான் என்பதோடு முடியும்.

ஆக, வேலை தேடுகிறவர் இரண்டு நிச்சயமின்மைகளுக்கு நடுவில் நிற்கிறார். போகப்போகும் நாட்டின் கொள்கை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். தன்னை அனுப்புகிற நிறுவனத்தின் நிபந்தனையும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அவர் கட்டிய பணம் மட்டும் கட்டிய இடத்திலேயே இருக்கும்.

இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதம் கொடுக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சின்ன ஊரின் பிரவுசிங் சென்டரில், பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் வாங்கிக்கொண்டு சென்டர்காரரே படிவத்தை நிரப்புகிறார். மின்னஞ்சல் முகவரி அவர் உருவாக்கிக் கொடுத்தது, கடவுச்சொல்லும் அவரிடமே. ஓடிபி மட்டும் விண்ணப்பதாரரின் போனுக்கு வரும். நாலு எண்ணையோ ஆறு எண்ணையோ அவர் வாசித்துச் சொல்வார். ‘படித்து ஒப்புக்கொண்டேன்’ என்ற கட்டத்தில் டிக் போடும் விரல் இன்னொருவருடையது. நிபந்தனைகள் ஆங்கிலத்தில். பல இடங்களில் இந்த வேலையைச் செய்வது சப்-ஏஜெண்ட். அவர் வாங்கும் பணத்துக்கு ரசீது கிடையாது. பின்னால் தகராறு வரும்போது, ஒப்புக்கொண்டதற்கான மின்னணுத் தடயம் நிறுவனத்திடம் இருக்கும். எந்தத் தேதியில் எந்த வாசகம் இருந்தது என்பதற்கான நகல் தொழிலாளியிடம் இருக்காது. மின்னணு வழியில் ஏற்படும் ஒப்பந்தம் அக்காரணத்தால் மட்டுமே செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. அது சரிதான். டிக் போட்டவர் யார், அவருக்கு எதுவும் விளங்கியதா என்ற கேள்வியை அந்தப் பிரிவு மூடிவிடவில்லை என்பதும் சரிதான்.

சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்தத் தொழிலை ஆள்வது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது என்கிறது அதன் 10ஆம் பிரிவு. ஆள் சேர்த்தல் என்றால் என்ன என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் விரிவானது. ஆள் சேர்ப்பதற்காக விளம்பரம் வெளியிடுவது, வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறோம் என்று விளம்பரத்தில் சொல்வது, வெளிநாட்டு வேலை குறித்து ஒருவரோடு கடிதத் தொடர்போ பேச்சோ உடன்பாடோ வைத்துக்கொள்வது எல்லாமே அதில் அடங்கும். இணையம் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட வாசகம். ஆனாலும் இன்றைய இணையதளத்தைக் கச்சிதமாகப் பிடிக்கிறது. குவைத்துக்கு வெல்டர் தேவை என்று தளத்தில் போட்டு, விண்ணப்பம் வாங்கி, பணமும் வாங்குகிற நிறுவனம், ‘நாங்கள் தகவல் தளம் மட்டுமே’ என்று கீழே எழுதிவைத்துச் சட்டத்திலிருந்து நழுவிவிட முடியாது. ஒருவர் ஆள்சேர்ப்பு முகவரா இல்லையா என்பதை அவர் செய்யும் காரியம்தான் தீர்மானிக்கும்.

அடுத்தது கட்டணம். பதிவுபெற்ற முகவர் ஒருவரிடம் அதிகபட்சமாக வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 35,400 ரூபாய். இதற்கு ரசீது தர வேண்டும். இந்த உச்சவரம்பை எல்லாத் தளங்களும் மதிப்பதுபோலவே தெரியும். தளத்தில் எழுதியிருப்பதும் அந்தத் தொகையாகவே இருக்கும். மீதி லட்சங்கள் சப்-ஏஜெண்ட் வழியாகக் கைமாறுகின்றன. மூன்றாம் நபரிடம் கொடுத்த பணத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி அங்கேதான் உழைக்கிறது. நம்மை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து எச்சரிக்கும் வரிபோல அது தோன்றும். நடைமுறையில், ஆளைக் கூட்டிவந்த தரகரின் வசூலிலிருந்து நிறுவனத்தைப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கிறது. ஒரு தரகர் தொடர்ந்து ஒரே நிறுவனத்துக்கு ஆள் அனுப்புகிறார், அந்த நிறுவனமும் அவர் அனுப்பிய ஆட்களை எடுத்துக்கொள்கிறது என்றால், அவர் மூன்றாம் நபர் அல்ல என்பதே என் கருத்து. பெயரில்லாமல் வேலை செய்யும் கிளை அலுவலகம் அது.

கொள்கை மாற்றம் என்பது எப்போதோ வரும் பேரிடர் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2011இல் சவூதி அரேபியா, தனியார் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு சவூதியரை வேலைக்கு வைக்க வேண்டும் என்ற நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2013இல் அது இறுகியபோது ஏராளமான இந்தியர்கள் ஆவணங்களைச் சரிசெய்யவோ ஊர் திரும்பவோ நேர்ந்தது. 2016 முதல், எமிகிரேஷன் அனுமதி தேவைப்படும், அதாவது பத்தாம் வகுப்பு தேறாத, பெண்களை அதற்குரிய நாடுகளுக்கு அரசு அமைப்புகள் வழியாக மட்டுமே அனுப்பலாம் என்று இந்தியாவே விதியை மாற்றியது. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. அடிக்கப்பட்ட விசாக்கள் பாஸ்போர்ட்டிலேயே காலாவதியாயின. பிரிட்டன் 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாக் கதவைத் திறந்தது, 2024 மார்ச்சில் குடும்பத்தை உடன் அழைத்துவரத் தடை போட்டது, 2025 ஜூலை 22இல் அயல்நாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே மூடியது. மூன்றரை ஆண்டுக்குள் ஒரே வேலைக்கு மூன்று விதி.

இவற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது 2020 செப்டம்பரில் நடந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு சம்பளத்துக்குக் குறைந்தால் எமிகிரேஷன் அனுமதி இல்லை என்று இந்திய அரசு நாடுவாரியாக ஓர் அளவு வைத்திருக்கிறது. கொரோனா காலத்தில் வேலைவாய்ப்பைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, வளைகுடா நாடுகளுக்கான அந்த அளவைச் சுற்றறிக்கை வழியாக 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. 2021 ஜூலையில் பழைய அளவு திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்திட்டுப் போனவரின் ஒப்பந்தம், அளவு திரும்பியதால் தானாகத் திருந்திவிடாது. பாதுகாக்க வேண்டிய அரசின் ஒரு தாள் மாறினால்கூட இரண்டு வருட வாழ்க்கை மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொள்கை எப்போதும் இறுகுவதுமில்லை. 2023 செப்டம்பரில் சிங்கப்பூர், இந்திய உணவகங்களுக்கு இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வொர்க் பெர்மிட்டில் எடுக்க வழி திறந்தது. 2025 ஜூலையில் வொர்க் பெர்மிட்காரர்கள் எத்தனை ஆண்டு வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. இப்படிக் கதவு திறக்கும்போது ஆள் அனுப்பும் தொழிலுக்குச் சந்தை பெரிதாகிறது. அந்த ஆதாயத்தில் விண்ணப்பதாரருக்குப் பங்கு தருவோம் என்று எந்த நிபந்தனைப் பக்கத்திலும் நான் வாசித்ததில்லை. மாற்றத்தின் நன்மை நிறுவனத்துக்கு, நட்டம் தொழிலாளிக்கு என்ற ஏற்பாட்டை ‘எங்கள் கையில் இல்லாத காரணங்கள்’ என்ற சொற்றொடர் நியாயப்படுத்தாது.

இந்த நட்டம் சட்டப்படி யாருடையது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஒரு நேர்மையான பதிலை வைத்திருக்கிறது. ஒப்பந்தம் போட்ட பிறகு, அதை நிறைவேற்றுவது முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போகும் என்கிறது 56ஆம் பிரிவு. செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது ஈடு செய்ய வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நாடு கதவை மூடியதால் பயணம் நின்றுபோனால் கட்டிய கட்டணம் திரும்ப வர வேண்டும். யாரையும் குற்றவாளி ஆக்காமலே பணத்தை உரியவரிடம் சேர்க்கும் ஏற்பாடு இது.

பிறகு ஏன் வருவதில்லை? நிபந்தனை எழுதுகிறவர்கள் 56ஆம் பிரிவை நன்றாக அறிந்தவர்கள். இன்ன நிகழ்வு நேர்ந்தால் இன்ன விளைவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் விவகாரம் 56ஆம் பிரிவுக்குப் போகாது, 32ஆம் பிரிவின்படி அந்த வாசகமே ஆளும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1954இல் சத்யபிரத கோஷ் வழக்கில் தொடங்கிய இந்த நிலைப்பாட்டை 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கு உறுதிசெய்தது. அவை நிலமும் மின்சாரமும் பற்றிய வழக்குகள். இரு பக்கமும் வழக்கறிஞர் வைத்து, வரிவரியாகப் பேரம் பேசக்கூடிய தரப்புகளுக்கு அந்த விதி பொருந்தும். பிரவுசிங் சென்டரில் ஓடிபி வாசித்துச் சொன்னவருக்கும் அதையே பொருத்தினால், 65ஆம் பிரிவு தந்த பாதுகாப்பைப் பொடி எழுத்து வரி ஒன்று பறித்துக்கொள்கிறது. ‘கொள்கை மாற்றத்துக்குப் பொறுப்பல்ல’ என்ற சாதாரணமான வரியின் உண்மையான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வரியை உடைக்கும் வழியும் உண்டு. பேரம் பேசும் வலுவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உள்ளவர்களுக்கிடையே, மனசாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்த வாசகத்தை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று 1986இல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் பயனியர் அர்பன் லேண்ட் வழக்கில், வீடு வாங்குகிறவர் மாற்ற முடியாமல் கையெழுத்திட்ட ஒருதலைப்பட்சமான வாசகம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அதே ஆண்டில் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர்மீது நியாயமற்ற சுமையையோ நிபந்தனையையோ ஏற்றி அவரைப் பாதகமான நிலையில் தள்ளும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று வகைப்படுத்தி, செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தையும் தந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை தேடித் தருவது ஒரு சேவை. கட்டணம் கட்டியவர் நுகர்வோர்.

நடைமுறையில் இது எங்கே இடறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மும்பையில்தான் போட வேண்டும் என்று தளத்தில் எழுதியிருந்தாலும் இந்தச் சட்ட உரிமை இருக்கிறது. நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற வாசகமும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று 2018இல் எம்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இவ்வளவும் மனுதாரருக்குச் சாதகம். ஆனால் ஒப்பந்த வாசகமே நியாயமற்றது என்று அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். சேவைக் குறைபாடு என்று ஊரில் வழக்குப் போடலாம், நிபந்தனையை எதிர்க்க மாநில ஆணையத்தின் படியேற வேண்டும். 35,400 ரூபாய்க்காக யார் ஏறுவார்கள்? ரசீது இல்லாத லட்சங்களுக்காக ஏறவும் முடியாது.

அரசிடம் முகவர்கள் கட்டியிருக்கும் வங்கிப் பிணை உதவாதா என்று கேட்கலாம். பெரிய முகவர்கள் 50 லட்சம் ரூபாய்க்கும், சிறிய முகவர்கள் 8 லட்சத்துக்கும் பிணை தர வேண்டும். சான்றிதழின் நிபந்தனைகளைக் காப்பாற்றுவதற்கும், சிக்கிக்கொண்டவர்களைத் திருப்பி அழைத்துவரும் செலவுக்குமே அந்தப் பிணையைச் சட்டம் கேட்கிறது. போய்ச் சிக்கியவர் சட்டத்தின் கண்ணில் படுகிறார். பணம் கட்டிவிட்டுப் போகவே முடியாமல் நின்றவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

சிங்கப்பூரின் விதி இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. அங்குள்ள முகமை தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த 6 மாதத்துக்குள் முதலாளி நிறுத்திவிட்டால் வாங்கியதில் பாதியையாவது திருப்பித் தர வேண்டும். குறையுள்ள விதிதான், திருச்சியிலோ தஞ்சாவூரிலோ கைமாறிய பணத்தை அது தொடாது. ஆனாலும் எந்தச் சூழலில் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று அரசே எழுதிவைத்துவிட்டால், நிறுவனத்தின் நிபந்தனைப் பக்கம் அதற்குக் கீழே இறங்க முடியாது.

நம்மிடம் அப்படி ஒரு வரி இல்லை. இருக்கும் பாதுகாப்பும் ஆண்டுக்காண்டு குறைவானவர்களுக்கே போய்ச் சேருகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்குப் போகும்போதுதான் எமிகிரேஷன் அனுமதி தேவை. அவர்களுக்குத்தான் ஒப்பந்தம் அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவாகிறது, 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம். தமிழ்நாடு பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்த மாநிலம். இன்று இங்கிருந்து துபாய்க்கும் தோஹாவுக்கும் கிளம்பும் இளைஞர்களில் டிப்ளமோ படித்தவர்களும் பட்டதாரிகளும் உண்டு. அவர்கள் பாஸ்போர்ட்டில் எமிகிரேஷன் அனுமதி தேவை என்ற முத்திரை இல்லை. அதனால் பதிவும் இல்லை. சிங்கப்பூரோ அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலிலேயே கிடையாது. 2022இல் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, மியான்மரின் மியாவடியில் இணைய மோசடி மையங்களில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களும் கணினி தெரிந்தவர்கள்தாம். படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்று 1983இல் எண்ணியிருக்கலாம். இப்போது அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே இருக்கும் ஒரே எழுத்து ஆவணம் பல நேரங்களில் அந்த நிபந்தனைப் பக்கம்தான்.

சட்டத்தை மாற்ற 2019இலும் 2021இலும் வரைவுகள் வந்தன, நின்றன. 2025 அக்டோபரில் அயல்நாட்டு இடப்பெயர்வு (வசதியும் நலமும்) மசோதா என்ற புதிய வரைவைக் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டார்கள். அது சட்டமாவதற்குள் அதில் ஏற வேண்டியவை இவை: விமானம் ஏறும்வரை கட்டணம் முகவரின் கைக்குப் போகாமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். எந்த நாட்டு அரசின் முடிவால் பயணம் நின்றாலும் முழுத் தொகையும் குறித்த நாளுக்குள் திரும்ப வேண்டும். இதற்கு மாறான நிபந்தனை செல்லாது என்று சட்டமே சொல்ல வேண்டும். பணம் கட்டிய அன்று இருந்த நிபந்தனையே கடைசிவரை ஆள வேண்டும். அதன் தமிழ் நகல் தேதியோடு விண்ணப்பதாரரின் போனுக்கே வர வேண்டும். இவையெல்லாம் பத்தாம் வகுப்பு தேறியவருக்கும் பொருந்த வேண்டும்.

முகவர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நேர்முகத் தேர்வு, டிரேட் டெஸ்ட், ஆவணச் சரிபார்ப்பு என்று அவர்களுக்குச் செலவு ஆகிவிடுகிறது. விசா நின்றால் அதை யார் தருவார் என்கிறார்கள். வேலைக்கு ஆள் கேட்டவர் தர வேண்டும். தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையின் அடிப்படை. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. முதலாளி ஏற்க வேண்டிய செலவுக்கு மெடிக்கலையே எடுத்துக்கொள்வோம். அதன் செல்லுபடி சில மாதங்கள்தான். கொள்கை அறிவிப்பு ஒன்று தாமதமானால் தொழிலாளி மறுபடி பரிசோதனைக்குப் போய் மறுபடி பணம் கட்டுகிறார். முகவரின் கணக்கிலேயே வராத செலவு என்பதால் திருப்பிக் கேட்கவும் ஆளில்லை. 2019 முதல் சென்னையில் இயங்கும் கத்தார் விசா மையத்தில் மருத்துவப் பரிசோதனையும் விரல் ரேகைப் பதிவும் ஒப்பந்தக் கையெழுத்தும் புறப்படும் முன்பே முடிகின்றன. அதன் செலவு முதலாளியுடையது. கத்தார் முதலாளிகளால் தர முடிகிற அந்தத் தொகையை மற்ற வளைகுடா நாட்டு முதலாளிகளிடமும் இந்தியா தன் உடன்படிக்கைகளில் கேட்டு வாங்கலாம்.